தூரத்து நிலையத்தைத் தேடுகிறவர்



இன்றைய நற்செய்தியில் நூறு ஆடுகள் வைத்திருந்த ஒருவரைச் சந்தித்தோம். ஒன்று காணாமல் போகிறது. மற்ற தொண்ணூற்றொன்பதையும் பாலைநிலத்தில் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிக்கொண்டு போகிறார். மறைக்கல்வி வகுப்பில் சிறுபிள்ளையாய்க் கேட்ட நாளிலிருந்து நமக்குப் பழக்கமான கதை. பழகிப்போனதாலேயே அதிலுள்ள வினோதம் நமக்கு உறைப்பதில்லை. லாப நட்டம் தெரிந்த யாராவது இப்படிச் செய்வார்களா? கரையில் ஏலம் எடுக்கிற நம் சகோதரிகளைக் கேட்டுப்பாருங்கள். கூடை நிறைய மீனை மணலில் போட்டுவிட்டு, நழுவிப் போன ஒரு மீனுக்காக யாரும் அலைக்குள் இறங்கமாட்டார்கள்.

நம் கோவளத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் குறைவு. அதனால் இன்று ஆட்டைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, ரேடியோ பெட்டியைப் பற்றிப் பேசலாமா? சிரிக்காமல் கேளுங்கள்.

நம் பங்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். பெயரைச் சொன்னால் கூச்சப்படுவார், சொல்லவில்லை. கடல் தொழிலை விட்டுப் பல வருடம் ஆகிறது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் பழைய டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு கரைப்பக்கம் போய் உட்காருவார். பாட்டுக் கேட்க அல்ல, செய்தி கேட்கவும் அல்ல. மத்திய அலையில் எவ்வளவு தூரத்து நிலையம் கிடைக்கும் என்று தேடுவதற்காக. முள்ளை ஒரு நூல் நகர்த்துவார், காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொள்வார், மறுபடி ஒரு நூல் நகர்த்துவார். கரகரப்புக்கு நடுவே யாரோ ஏதோ மொழியில் பேசுவது கேட்டுவிட்டால் முகம் மலர்ந்துவிடும். உடனே நோட்டை எடுத்து நேரம், அலைவரிசை, காதில் விழுந்தது என்ன, எவ்வளவு தெளிவு எல்லாவற்றையும் எழுதி வைப்பார்.

உலகம் முழுவதும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. டி.எக்ஸிங் என்று இந்தப் பொழுதுபோக்குக்குப் பெயர். சென்னையில் ஆர்டிக் டி.எக்ஸ். கிளப் என்று ஓர் அமைப்பே இருக்கிறது. கைபேசியில் தட்டினால் எந்த நாட்டு நிலையமும் பளிச்சென்று கேட்கிற காலத்தில் எதற்கு இந்தப் பாடு என்று அவரிடமே கேட்டேன். "பக்கத்துல இருக்குறது தானா கேக்கும் சாமி. தூரத்துல இருக்குறத நாமதான தேடணும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் முள்ளைத் திருப்பத் தொடங்கிவிட்டார்.

தூரத்துக் குரல் நம் மக்களுக்குப் புதிதல்ல. 1950-களில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுகளை ஓரங்கட்டியபோது, தமிழ்நாட்டு வீடுகள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பின. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அந்தக் குரல்களின் பெயர்களை இன்றும் உறவுக்காரர் பெயர்போலச் சொல்கிறவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ரேடியோவுக்கு அஞ்சலகத்தில் லைசென்ஸ் பணம் கட்டிய காலம் அது. ஆனால் அன்று நாம் தேடியது பாட்டை. பாட்டுத் தெளிவாக வராவிட்டால் முள்ளைத் திருப்பிவிட்டு வேறு வேலை பார்ப்போம்.

நம் பெரியவர் அப்படி இல்லை. 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை நிலையம் கணீரென்று வரும். நின்று கேட்கமாட்டார், கடந்து போய்விடுவார். 684-இல் போர்ட் பிளேர் நிலையம், வங்கக் கடலைத் தாண்டி 1,300 கி.மீ.க்கும் மேலே இருந்து, மெலிந்து நலிந்து வந்து சேர்ந்தால் அவருக்கு அன்றைக்குத் திருவிழா. கடலின் உப்புநீர் மத்திய அலையைத் தரையைவிட நன்றாகக் கடத்தும் என்பதால் நம்மைப் போலக் கரையில் குடியிருப்பவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. குரல் எவ்வளவு நலிந்திருக்கிறதோ அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

பிரியமானவர்களே, அவரைப் பார்த்தபோதுதான் நூற்றில் ஒன்றைத் தேடிப் போன ஆயன் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டார்.

வானொலியை வைத்துப் பிரசங்கம் செய்யும்போது நாங்கள் குருக்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு. கடவுள் பேசிக்கொண்டேதான் இருக்கிறார், நீங்கள் உங்கள் இதயத்தைச் சரியான அலைவரிசையில் வையுங்கள் என்போம். அதுவும் சரிதான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர் தோளில் ஒரு சுமை கூடியிருக்கும். எனக்குக் கேட்கவில்லையே, என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார். இன்று அதைத் திருப்பிப் பார்ப்போம். நாம்தான் அந்தத் தூரத்து நிலையம். காதை ஒட்டவைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பவர் கடவுள்.

இதை நாம் நம்புகிறோமா? உங்களைத்தான் கேட்கிறேன். வீட்டுக்கு வந்து மந்திரிக்கும்போது எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள்: "நீங்க செபம் பண்ணுங்க சாமி, நாங்க பண்ணுனா எங்க ஏறப்போவுது?" செபமாலை சொல்லத் தொடங்கி மூன்றாம் பத்திலேயே தூங்கிப்போகிறவர்கள், வார்த்தை வராமல் சுரூபத்தின் முன்னால் சும்மா நின்றுவிட்டுப் போகிறவர்கள், குடித்துவிட்டு வந்து வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு நழுவுகிறவர்கள். இவர்கள் எல்லாருக்கும் ஒரே எண்ணம், நம்முடைய குரலுக்குப் பலம் போதாது என்று.

பலத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறேன். 1924 ஜூலை 31 அன்று, கிருஷ்ணசாமி செட்டி என்பவர் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் தன் ஒலிபரப்பை ஆரம்பித்தது. அந்தக் கருவியின் திறன் வெறும் 40 வாட். இன்று நம் வீட்டு மின்விசிறிக்கே அதைவிட அதிகம் வேண்டும். ஆனாலும் பெட்டி வைத்திருந்தவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார்கள். அனுப்புகிறவரின் பலம் குறைவானபோது, கேட்கிறவரின் ஆசை அந்தக் குறையை ஈடுகட்டியது. நம் செபத்தின் கதியும் நம் பலத்தில் தொங்கவில்லை. கேட்கிறவர் எப்படிப்பட்டவர் என்பதில் இருக்கிறது. அவரோ காணாமல் போன ஒன்றுக்காகத் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு வருகிறவர்.

இன்னொரு விஷயமும் உண்டு. இதை நம் கடல்காரர்கள் ரசிப்பார்கள்.

1902 பிப்ரவரியில் மார்க்கோனி, பிலடெல்பியா என்ற கப்பலில் அட்லாண்டிக் கடலைக் கடந்துகொண்டிருந்தார். இங்கிலாந்துக் கரையிலிருந்து வரும் கம்பியில்லாத் தந்தியைக் கப்பலில் வாங்கிப் பார்த்தார். பகலில் சுமார் 1,100 கி.மீ. தாண்டியதும் ஒன்றும் கேட்கவில்லை. இரவிலோ 3,300 கி.மீ.க்கு அப்பாலும் கேட்டது. அதே கருவிதான், அதே கரைதான். ஏன் இந்த வித்தியாசம் என்று அவருக்கு விளங்கவில்லை. காரணம் பின்னால்தான் தெரிந்தது. பூமிக்கு மேலே 60 முதல் 90 கி.மீ. உயரத்தில், சூரிய ஒளியால் உண்டாகும் ஒரு மின்னூட்டப் படலம் பகல் முழுவதும் மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அந்தப் படலம் கலைந்துவிடும். அதற்கும் மேலே இருக்கிற படலங்கள் அலையைத் திருப்பிக் கீழே அனுப்பும். பகலில் எட்டாத குரல் இரவில் வந்து சேர்வது அப்படித்தான். இதே மார்க்கோனிதான் 1931 பிப்ரவரி 12 அன்று வத்திக்கான் வானொலியை நிறுவி, திருத்தந்தை 11ஆம் பயஸின் குரலை உலகுக்குக் கொண்டுபோனவர்.

நம்மில் சிலருக்கு ஒரு வெட்கம் உண்டு. நன்றாக இருந்த நாளில் கோயில் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, மருத்துவமனையில் பிள்ளையைச் சேர்த்த பிறகு உத்தரியத்தைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டோம். கடன் கழுத்தை நெரித்த பிறகு கார்மேல் அன்னையின் காலில் வந்து விழுந்தோம். ஊரும் இதைச் சொல்லிக் குத்துகிறது: கஷ்டம் வந்தாத்தான் சாமி ஞாபகம் வருது பாரு. இந்த வெட்கத்தாலேயே, கஷ்டத்தில்கூட வராமல் நின்றுவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

அன்புக்குரியவர்களே, இரவில் வந்தோமே என்று வெட்கப்படாதீர்கள். நம் பகல்களில் எவ்வளவோ வெளிச்சம், எவ்வளவோ ஓட்டம். சிறுவன் சாமுவேலை ஆண்டவர் கூப்பிட்டதும் இரவில்தான். கூப்பிட்டது யார் என்று அவனுக்கு முதலில் தெரியவில்லை. மூன்று முறை எழுந்து ஏலியிடம் ஓடினான். கண் மங்கிப்போன அந்தக் கிழவர் எரிந்து விழவில்லை, போய்ப் படு என்று பொறுமையாக அனுப்பினார், பிறகு அது யாருடைய குரல் என்பதைப் புரியவைத்தார். ஆண்டவரும் மூன்றாம் முறையோடு அலுத்துப் போய்விடவில்லை. நான்காம் முறையும் வந்தார். இந்த ஊரில் இரவு நேரத்துச் சாமுவேல்கள் நிறைய. ஏலிகள்தான் குறைந்துபோனார்கள். துக்கத்தோடு நம் வாசலுக்கு வருகிற ஒருவரை, இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா என்று கேட்காமல் உட்காரச் சொல்கிற பெரியவர்கள் நமக்கு வேண்டும்.

தூரத்து நிலையங்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. குரல் சீராக வராது. எழும், தாழும், சில நேரம் முழுக்க அமிழ்ந்துவிடும். ஒரே குரல் வானத்தில் பல வழியாக வந்து ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் அப்படி. ஃபேடிங் என்பார்கள். மணி அடிக்கும் நேரத்துக்கு நிலையத்தின் பெயரைச் சொல்வார்கள் என்று அரை மணி நேரமாகக் காத்திருந்தால், சரியாக அந்தப் பெயரைச் சொல்கிற நொடியில் குரல் அமிழ்ந்துபோகும்! பெரியவர் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னார். போதாக்குறைக்கு எங்கோ தூரத்தில் மின்னல் வெட்டினாலும் பெட்டி படபடவென்று வெடிக்கும். இருந்தும் அவர் பெட்டியை அணைப்பதில்லை. அமிழ்ந்த குரல் திரும்ப எழும் என்று அனுபவத்தில் தெரியும். முள்ளை மட்டும் நகர்த்தாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நம் விசுவாசமும் இப்படி எழுந்து தாழ்வதுதான். வேளாங்கண்ணிக்கு நடந்து போய்வந்த வாரம் ஒரு மாதிரி இருக்கும், அடுத்த மாதம் வேறு மாதிரி. அமிழ்ந்துபோன அந்த நாட்களில் கடவுள் முள்ளை வேறு பக்கம் திருப்பிவிடுவார் என்றா நினைக்கிறீர்கள்?

இனி நம் வீட்டுக்கு வருவோம். சென்னை நிலையம் 720-இல் இருக்கிறது என்றேன். நம் பக்கம் உள்ள நாடுகளில் மத்திய அலை நிலையங்களை ஒன்பது ஒன்பது கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வைக்கிறார்கள். 720-க்கு இந்தப் பக்கம் 711-இல் சிலிகுரி, அந்தப் பக்கம் 729-இல் குவஹாத்தி. சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நாம் அவற்றைக் கேட்பது பெரும்பாடு. கிட்டே இருக்கிற பெரிய குரல் இரண்டு பக்கமும் வழிந்து, தூரத்துச் சின்னக் குரல்களை மூடிவிடும். அதற்குப் பெரியவர் ஒரு வேலை செய்வார். புதுப் பெட்டி வாங்கமாட்டார். இருக்கிற பெட்டியையே கையில் பிடித்து மெல்லத் திருப்புவார். உள்ளே ஃபெரைட் என்று ஒரு கறுப்புக் குச்சி இருக்கிறது, அதுதான் அலையைப் பிடிப்பது. அதன் முனை எந்த நிலையத்தைப் பார்க்கிறதோ அந்த நிலையம் அடங்கிவிடும். பெரிய குரல் பக்கம் முனையைக் காட்டியதும் அது தணியும், அதன் கீழே இதுவரை புதைந்து கிடந்த குரல் மேலே வரும்.

உங்கள் வீட்டில் எந்தக் குரல் 720? எந்தக் குரல் 711? சில வீடுகளில் தொலைக்காட்சி, சில வீடுகளில் கைபேசி, சில வீடுகளில் அப்பாவின் சாராயக் கோபம். அதன் அடியில், சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிற மகள் இருக்கிறாள். வந்து ஆறு மாதம் ஆகியும் சத்தமாக ஒரு வார்த்தை பேசாத மருமகள் இருக்கிறாள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள் என்று நாம் காது கொடுக்காமல் விட்ட அம்மா இருக்கிறாள். வளைகுடாவிலிருந்து பேசும்போது எல்லாம் நல்லா இருக்கு என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிற மகனும் அந்தக் குரல்களில் ஒருவன். வாழ்க்கையையே மாற்றவேண்டாம், பெட்டியைக் கொஞ்சம் திருப்பினால் போதும். இன்றைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டை, எல்லாக் கைபேசியையும் வேறு அறையில் வைத்துவிட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். முதலில் சங்கடமாக இருக்கும். பிறகு யாராவது பேசுவார்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கடற்கரைப் பங்கில் நின்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, குமரிக் கரையின் நம் சகோதரர்களில் பலர் எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். கரையிலிருந்து அவ்வளவு தூரம் எட்டும் கருவி பெரும்பாலோரிடம் இல்லை. ஆலயங்களில் பெண்கள் நாள்கணக்கில் காத்திருந்தார்கள். திரும்பி வராதவர்கள் கடைசியாக என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று நமக்குத் தெரியாது. எந்தப் பெட்டியிலும் அது பதிவாகவில்லை. 2004 டிசம்பரில் நம் கரையிலிருந்தும் கடல் கொண்டுபோனவர்கள் உண்டு. அந்தக் குரல்களை யார் கேட்டார் என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டால், எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். சிலுவையில் தானே கதறியவர் கேட்டார். மனிதக் கருவி கைவிட்ட தூரத்திலும் அவர் காது இருந்தது. அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்களும் நானும் சேர்ந்து நம்புகிறோம், அந்த நம்பிக்கையில்தான் நவம்பர் மாதம் கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுவர்த்தியோடு போகிறோம்.

இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பிடித்த பகுதியைச் சொல்லிவிடுகிறேன். தூரத்து நிலையத்தைக் கேட்டவர் அதோடு நிறுத்துவதில்லை. இன்ன தேதி, இன்ன நேரம், உங்கள் நிலையத்தைக் கேட்டேன், இன்ன நிகழ்ச்சி போனது, இவ்வளவு தெளிவாக இருந்தது என்று அந்த நிலையத்துக்கே கடிதம் எழுதுவார். குரலின் பலம், இடையூறு, இரைச்சல் ஆகியவற்றுக்கெல்லாம் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போடுவார். கேட்காததைக் கேட்டதாக எழுதக் கூடாது, அது அவர்களுக்குள் கண்டிப்பான ஒழுங்கு. கடிதம் உண்மை என்று தெரிந்தால் நிலையத்திலிருந்து ஓர் அட்டை வரும். க்யூ.எஸ்.எல். அட்டை என்பார்கள். வர மாதங்கள் ஆகலாம். நம் பெரியவர் அவற்றைப் பழைய பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருக்கிறார். நம் கத்தோலிக்க வானொலியான வேரித்தாஸ் ஆசியாவின் அட்டையும் அதில் இருக்கிறது. 1969-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய அந்த நிலையத்தின் தமிழ்ப்பணியைச் சிற்றலையில் கேட்டு, கடிதம் எழுதி, தங்கள் கடிதம் வாசிக்கப்படுமா என்று காத்திருந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். 2018-இல் சிற்றலையை நிறுத்திவிட்டு அது இணையத்துக்கு மாறியது.

கடிதம் எழுதுகிறவர் கேட்டவர். தனியாக ஓர் அறையில் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து, இதை யாராவது கேட்கிறார்களா என்றே தெரியாமல் பேசிக்கொண்டிருந்த ஒருவருக்கு, கேட்டேன் என்று எங்கிருந்தோ ஒரு கடிதம் வருவது எப்படிப்பட்ட ஆறுதல்! நாம்தான் தூரத்து நிலையம் என்றேனே, நமக்கும் அப்படி ஒரு கடிதம் வருகிறது. ஒப்புரவு அருளடையாளத்தில் குருவானவர் கையை உயர்த்திச் சொல்கிற மன்னிப்பின் வார்த்தைகள் அதுதான். உன்னைக் கேட்டேன், நீ சொன்னதைக் கேட்டேன், உனக்குச் சொல்லத் தெரியாததையும் கேட்டேன் என்று கடவுள் அனுப்பும் பதில். அதில் மதிப்பெண் கிடையாது.

சனிக்கிழமை மாலை செபமாலைக்கு முன்பாக நான் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். திருமணத்துக்கு முன்னால் செய்ததுதான், அதற்குப் பிறகு வரவில்லை என்கிறவர்கள் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். எப்படித் தொடங்குவது, மந்திரம் மறந்துபோச்சே என்று தயங்கவேண்டாம். "ரொம்ப நாளாச்சு சாமி" என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை நாம் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். நடக்க முடியாதவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் திருப்பலி முடிந்ததும் வந்து சொல்லிவிட்டுப் போங்கள், வாரத்துக்குள் நான் வருகிறேன்.

இப்போது எழுந்து நின்று, நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.